கல் எங்கே உடைய வேண்டும்? கற்கருவி செதுக்குவது பற்றி ஓர் எளிய அறிமுகம்

'ஆதிமனிதன் கல்லைக் கூராக்கி ஆயுதம் செய்தான்.' பள்ளியில் நாம் எல்லாரும் படித்த வரி. குழப்பமே அந்தக் 'கூராக்கி'யில்தான் ஆரம்பிக்கிறது. கத்தியைச் சாணை பிடிப்பதுபோல அவன் கல்லைக் கல்லில் தேய்த்திருப்பான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கற்களை ஆத்திரம் தீர மோதினால் அதில் ஒன்று எப்படியோ கோடரியாகிவிடும் என்று வேறு சிலர். அருங்காட்சியகத்தில் கைக்கோடரியை (பிடி இல்லாமல் நேரே கையில் பிடிக்கும் கற்கருவி) பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது, உடைந்த கல்தானே" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் இன்னும் அதிகம்.

நானும் அப்படி நகர்ந்தவன்தான். அப்புறம் ஒரு நாள் ஒரு கண்ணாடிப் புட்டியின் தடித்த அடிப்பாகத்தை எடுத்துக்கொண்டு அம்புமுனை செய்ய உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடிக் கண்ணாடித் தூளும், கையுறையைத் தாண்டி விரலில் விழுந்த ஒரு வெட்டும். பலம் போதாததால் அப்படி ஆகவில்லை. எங்கே அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கற்கருவி செய்கிறவர் கல்லை வடிவத்துக்கு வெட்டுவதில்லை. விரிசல் எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மட்டும் ஏற்பாடு செய்கிறார். மீதி வேலையைக் கல்லே செய்துகொள்கிறது. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண்ணாடியிலிருந்து தொடங்குவோம்

தடித்த கண்ணாடித் தம்ளரின் விளிம்பு எங்காவது இடித்துச் சில்லு பெயர்ந்திருந்தால், அந்த இடத்தை உற்றுப் பாருங்கள். உடைந்த பரப்பு கரடுமுரடாக இருக்காது. சிப்பியின் உட்புறம்போல வழவழப்பாகக் குழிந்திருக்கும். குளத்தில் கல்லெறிந்தால் பரவும் வளையங்களைப் போல மெல்லிய அலைக்கோடுகளும் தெரியும். இப்படி உடைவதைச் சிப்பி முறிவு என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாப் பொருளும் இப்படி உடைவதில்லை. விறகைப் பிளந்தால் அது நார் ஓடும் வழியில்தான் பிளக்கும். அப்பிரகம் (மைக்கா) ஏடு ஏடாகத்தான் உரியும். அவற்றுக்குள்ளேயே ஒரு திசை இருக்கிறது, நாம் சொன்னால் கேட்காது. கண்ணாடிக்குள் அப்படி எந்தத் திசையும் கிடையாது. அதனால் அதில் ஓடும் விரிசல், அடி வந்த திசைக்கும் பொருளின் வெளி வடிவத்துக்கும் மட்டுமே கட்டுப்படுகிறது. கருவி செய்கிறவருக்கு இது பெரிய சௌகரியம். திசை இல்லாத பொருளுக்குத்தான் நாம் திசை சொல்ல முடியும்.

இன்னொரு காட்சி. சன்னல் கண்ணாடியில் சிறிய குண்டு ஒன்று வேகமாக வந்து படுகிறது. பட்ட பக்கத்தில் சின்னத் துளை, மறுபக்கத்தில் அகன்ற பள்ளம். நடுவிலிருந்து ஒரு கூம்பு கழன்று விழுந்திருக்கும். குண்டு பட்ட புள்ளி அதன் உச்சி, மறுபக்கம் அதன் அகன்ற அடி. இதை 1880களின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ். ரேடியோ அலைகளை நிரூபித்து, அதிர்வெண்ணின் அலகுக்குத் தன் பெயரைத் தந்த அதே ஹெர்ட்ஸ்தான். அந்தக் கூம்புக்கும் அவர் பெயரே: ஹெர்ட்ஸ் கூம்பு.

இப்போது குண்டைக் கண்ணாடியின் நடுவில் இல்லாமல், ஒரு தடித்த கண்ணாடிக் கட்டியின் ஓரத்துக்கு மிக அருகில் அடிப்பதாக நினைத்துப் பாருங்கள். கூம்பு முழுசாக உருவாக அங்கே இடம் இல்லை. அதன் ஒரு பகுதி மட்டும் கட்டிக்குள் இருக்கும், மீதி வெளியே காற்றில். கூம்பின் உள்பக்கச் சரிவில் தொடங்கும் விரிசல் கட்டியின் பக்கச்சுவரை ஒட்டிக் கீழே ஓடி, ஒரு மெல்லிய துண்டைப் பெயர்த்துவிடுகிறது. கற்கருவித் தொழிலின் இதயம் இந்தப் பெயர்வுதான். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் அடி பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் பாதிக் கூம்பின் மிச்சம் அது. அதைக் குமிழ் என்பார்கள். ஒரு கல்துண்டு மனிதக் கையால் பெயர்க்கப்பட்டதா என்று பார்க்கும் தொல்லியலாளரின் விரல் முதலில் தேடுவது இதைத்தான்.

எந்தக் கல் சரிப்படும்?

கண்ணாடிபோல உடையும் கற்கள் எல்லாம் சரிப்படும். எரிமலைக் குழம்பு வேகமாகக் குளிர்ந்து உண்டாகும் அப்சிடியன் உண்மையிலேயே இயற்கைக் கண்ணாடி. சுண்ணப்பாறைக்குள் கட்டி கட்டியாகக் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல், அதன் உறவுக்காரரான செர்ட், ஜாஸ்பர் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் துகள்களால் ஆனவை. துகள் அவ்வளவு பொடியாக இருப்பதால் விரிசலுக்கு அவை தடையே இல்லை. கருங்கல்லில் துகள்கள் கண்ணால் எண்ணும் அளவுக்குப் பெரியவை. விரிசல் ஒவ்வொரு துகளிலும் முட்டித் தடுமாறும். அதனால் கருங்கல் உடையும், ஆனால் செதுக்க இணங்காது.

நடுத்தரக் கற்களும் உண்டு. மணற்கல் இறுகி உண்டாகும் குவார்ட்சைட், நேர்த்தியானதாக இருந்தால், அதில் ஒன்று. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குச் சொன்னது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம் அகழாய்வில் கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது. அவையும் குவார்ட்சைட்டால் ஆனவைதான். அப்சிடியன் கிடைக்காத இடத்தில் மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை.

கல்லைத் தேர்ந்தெடுக்கக் காது வேண்டும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, கல்லையும் இன்னொரு கல்லால் லேசாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் உள்ளே நல்ல கட்டு. 'தொப்' என்றால் எங்கோ ஏற்கெனவே விரிசல் இருக்கிறது, அந்தக் கல்லோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கூர்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்சிடியன் செதிலின் விளிம்பு சில நானோமீட்டர் அளவுக்கு மெலிந்துபோகும். அமெரிக்காவில் இந்தக் கலையை மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவரான டான் கிராப்ட்ரீ, 1970களில் தனக்கு நடந்த அறுவைச் சிகிச்சைக்குத் தானே செய்த அப்சிடியன் கத்திகளைக் கொடுத்துப் பயன்படுத்தச் செய்தார். ஆனால் அந்தக் கூர் நீடிக்காது. எஃகு வளையும், கண்ணாடி நொறுங்கும்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: உள்ளே திசை இல்லாத, துகள் நுண்ணிய கல் வேண்டும். அதன் ஓரத்தில் அடித்தால் ஒரு பாதிக் கூம்பு உருவாகி, மெல்லிய துண்டு பெயரும். அந்தத் துண்டின் விளிம்பு பிறக்கும்போதே கூர்மையானது. யாரும் அதைத் தேய்க்கவில்லை.

கோணம்தான் எல்லாம்

இனி மூன்று சொற்கள் தேவைப்படும். எந்தக் கல்லிலிருந்து பெயர்க்கிறோமோ அது கருக்கல். பெயர்ந்து வரும் துண்டு செதில். கருக்கல்லில் அடி விழுகிற சின்னப் பரப்பு அடிமேடை.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, செதில் வர வேண்டிய முகத்தையே பார்த்து அடிப்பது. செதில் அந்த முகத்தில் வராது. அடி மேலே, அடிமேடையில் விழும். செதில் கீழே, கல்லின் மறைந்த பக்கத்தில், கருக்கல்லைத் தாங்கும் உள்ளங்கைக்குள் வந்து விழும். கண் ஒரு பக்கம், வேலை நடப்பது மறுபக்கம். பழகும் வரை இது கொஞ்சம் கண்கட்டு வித்தைபோலத்தான் இருக்கும்.

இரண்டாவது, கோணம். அடிமேடைக்கும் செதில் பெயர வேண்டிய முகத்துக்கும் நடுவிலுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கல்லின் முழுப் பருமனும் விரிசலுக்கு எதிரே நிற்கும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மேல்பரப்பு நசுங்குமே தவிர செதில் வராது. உருண்டைக் கூழாங்கல்லைச் செதுக்குவது ஏன் கஷ்டம் என்று இப்போது புரியும். அதில் எங்குமே அந்தக் கோணம் இல்லை. முதல் செதில் ஒன்றை எப்படியாவது எடுத்துவிட்டால் அதன் தழும்பே அடுத்த அடிக்கு மேடையாகிவிடும்.

இந்தக் கோணம் எவ்வளவு பெரிய அறிவுச் சங்கதி என்பதற்கு ஒரு சாட்சி கான்ஸி. அது ஒரு போனோபோ குரங்கு. 1990இல் தொல்லியலாளர் நிக்கோலஸ் டோத்தும் அவருடைய சகாக்களும், கயிற்றால் கட்டிய பெட்டிக்குள் தீனியை வைத்துவிட்டு, கல்லை உடைத்து அந்தக் கயிற்றை அறுப்பது எப்படி என்று அதற்குக் காட்டினார்கள். கான்ஸி கற்றுக்கொண்டது. ஆனால் கோணம் பார்த்து அடிப்பதைவிட, கல்லைக் கடினமான தரையில் வீசி உடைத்து, சிதறியதில் கூரானதைப் பொறுக்குவது அதற்குச் சுலபமாகப் பட்டது. கெட்டிக்காரத்தனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் எத்தியோப்பியாவின் கோனாவில் கிடைத்த சுமார் 26 லட்சம் ஆண்டு பழைய கற்களைச் செய்தவர்கள், அதைவிட நேர்த்தியாகக் கோணம் தேடி அடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, முகடு. ஒரு காகிதத்தை மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டுக் கிழித்தால் கிழிசல் மடிப்பின் வழியே ஓடும். கல்லிலும் விரிசலுக்கு வழி காட்டுவது அதன் முகத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வரம்பு. அதுதான் முகடு. முகட்டுக்கு நேர் மேலே அடித்தால் செதில் நீளமாக வரும். தட்டையான முகத்தில் அடித்தால் விரிசல் விசிறிபோலப் பரந்து சீக்கிரம் நின்றுபோகும். ஒவ்வொரு செதிலும் பெயரும்போது அதன் தழும்பின் இரு ஓரங்களிலும் புதிய முகடுகள் பிறக்கும். அடுத்த செதிலுக்கு அவைதான் பாதை. சதுரங்கம் ஆடுகிறவரைப்போல, இந்த அடியை அடிக்கும்போதே அடுத்த இரண்டு அடிகளை யோசித்திருக்க வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று. அடிமேடையின் விளிம்பு மெல்லியதாக, கூராக இருந்தால் அடியைத் தாங்காமல் அதுவே பொடிந்துவிடும், விசை உள்ளே போகாது. அதனால் அடிப்பதற்கு முன் அந்த விளிம்பைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து மழுக்குவார்கள். கூரான கருவி செய்ய முதல் வேலை விளிம்பை மொண்ணையாக்குவது! தேய்ப்பது என்று பார்த்தால் இந்தத் தொழிலில் அது இங்கேதான் வருகிறது, அதுவும் நேர் எதிரான காரணத்துக்காக.

அடிப்பது, தட்டுவது, அழுத்துவது

கருக்கல் பெரிதாக இருக்கும்போது சுத்தியலும் கல்தான். கைக்கு அடக்கமான, உருண்டையான, கெட்டியான ஒரு கூழாங்கல். தொடைமேல் தடித்த தோலைப் போட்டுக் கருக்கல்லைத் தாங்கி, மணிக்கட்டை ஆட்டாமல் முழங்கையிலிருந்து வீசி அடிப்பார்கள். இப்படி வரும் செதில்கள் தடித்தவை, குமிழ் பெரியது. கல்லின் மேல்தோலை நீக்கவும் முரட்டு வடிவம் கொண்டுவரவும் இது போதும்.

மெல்லிய, அகலமான செதில் வேண்டுமென்றால் சுத்தியல் மிருதுவாக இருக்க வேண்டும். மான்கொம்பு, எலும்பு, வைரம்பாய்ந்த மரம். கேட்கும்போது வினோதமாகத்தான் இருக்கிறது, கொம்பு கல்லை உடைக்குமா என்று. கொம்பு ஒரு கணம் அமுங்கி விளிம்பைக் கவ்விக்கொள்கிறது. விசை ஒரே புள்ளியில் இறங்காமல் சற்றுப் பரவி இறங்குகிறது. அதனால் குமிழ் சிறுத்து, செதில் மெலிந்து நீளும். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கொம்புச் சுத்தியல் கிடைத்திருக்கிறது. அங்கே கிடைத்த கைக்கோடரிகளின் மெலிவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு.

மூன்றாவது முறையில் அடியே கிடையாது. கொம்பின் கூர்நுனியை விளிம்பில் வைத்து, முதலில் உள்நோக்கி அழுத்த வேண்டும். அழுத்தம் ஏறியதும் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். 'டிக்' என்று விரல்நக அளவில் ஒரு செதில் பெயரும். அம்புமுனைகளின் இரு ஓரங்களிலும் வரிசையாகத் தெரியும் சிறு தழும்புகள் இப்படி வந்தவை. இன்று பழகுகிறவர்கள் கொம்புக்குப் பதில் மரப்பிடியில் செருகிய செம்புக் கம்பியைப் பயன்படுத்துவார்கள். தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்த முறை இருந்ததாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய ஓட்ஸி என்ற மனிதனின் உடைமைகளில் பென்சில்போல ஒரு பொருள் இருந்தது. மரக்கொப்பில் செருகிய கொம்புமுள். கூர் மழுங்கினால் வழியிலேயே புதுப்பித்துக்கொள்ளத்தான் அது.

இஷி என்று அழைக்கப்பட்டவரைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. கலிஃபோர்னியாவின் யாஹி மக்களில் எஞ்சிய கடைசி மனிதர் அவர். 1911இல் வெளியுலகுக்கு வந்தவர், 1916இல் இறக்கும் வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்சிடியனிலும், சாதாரண புட்டிக் கண்ணாடியிலும் அம்புமுனை செய்து காட்டினார். என் கையில் தூளான அதே சரக்குதான்.

சுருக்கமாக: கடினமான சுத்தியல் முரட்டு வடிவத்துக்கு, மிருதுவான சுத்தியல் மெலிப்பதற்கு, அழுத்தம் நேர்த்திக்கு. ஒரே கருவியில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம்.

கெட்டுப்போவது எப்படி?

விசை பாதியில் தீர்ந்துபோனால் செதில் நடுவில் ஒடிந்து, கல்லில் படிக்கட்டுபோல ஒரு செங்குத்து விளிம்பை விட்டுச்செல்லும். இது படி முறிவு. ஒடியாமல் விரிசல் வளைந்து வெளியேறினால் மழுங்கலான ஒரு விளிம்பு மிஞ்சும். இது மடிப்பு முறிவு. இரண்டிலும் ஆபத்து ஒன்றுதான். அடுத்த செதிலும் அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். புதியவருக்கு ரோஷம் வந்து அங்கேயே இன்னும் ஓங்கி அடிப்பார். படிமேல் படியாக ஒரு மேடு வளர்ந்துவிடும். தேர்ந்தவர் கல்லைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு செதிலை ஓட்டி மேட்டை அடியோடு நீக்குவார்.

எல்லாம் முடியும் தறுவாயில், மெலிந்த கருவி அதிர்வு தாங்காமல் நடுவில் இரண்டாக முறிவதும் உண்டு. அதற்குப் பரிகாரம் கிடையாது.

சூட்டுக் கல்லில் சொட்டு நீர்: ஒரு கட்டுக்கதை

கல்லைச் சுடவைத்து, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் செதில் செதிலாகப் பெயரும், அம்புமுனைகளை அப்படித்தான் செய்தார்கள் என்று ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. சுட்ட கல்லில் தண்ணீர் பட்டால் கல் வெடிக்கும். குமிழும் இருக்காது, திசையும் இருக்காது. அப்படி வடிவம் கொண்டுவர முடியாது.

இந்தக் கதைக்குள் ஓர் உண்மைத் துளி மறைந்திருக்கிறது. சில கற்களை மணலில் புதைத்து, மேலே நெருப்பிட்டு, மெதுவாகச் சூடேற்றி மெதுவாகவே ஆறவிட்டால் அவை செதுக்க இன்னும் இணக்கமாகும், உடைந்த முகத்தில் ஒரு பளபளப்பும் வரும். தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்டில் சில்கிரீட் என்ற கல்லை 70,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். நெருப்பு கல்லைத் தயார் செய்கிறது. செதுக்குவது கைதான்.

எது கருவி, எது கழிவு?

நடுவில் மிஞ்சும் கல்தான் கருவி, பெயர்ந்தவை குப்பை என்று தோன்றும். பல நேரம் உண்மை நேர்மாறானது. இறைச்சி அறுக்கவும் தோல் கிழிக்கவும் புதிதாகப் பெயர்ந்த செதிலே போதும், மிஞ்சிய கருக்கல்லைத் தூக்கிப்போட்டிருப்பார்கள். லெவல்வா முறை இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. பாரிஸ் அருகேயுள்ள ஊரின் பெயர் அது. கருக்கல்லைச் சுற்றிச் சின்னச் சின்னச் செதில்களை எடுத்து, ஆமையோடுபோல வடிவமைத்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே அடியில் முன்பே நினைத்த வடிவத்தில் ஒரு செதிலைக் கழற்றுவார்கள். அத்தனை ஏற்பாடும் அந்த ஒரு அடிக்காக. அதிரம்பாக்கத்தில் இந்த முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

பள்ளிப் பாடத்தின் 'கூராக்கி' பொருந்தும் இடமும் ஒன்று உண்டு: புதிய கற்காலத்தின் வழவழப்பான கோடரிகள். அவற்றைச் செதுக்கி வடிவமைத்த பிறகு மணலும் நீரும் சேர்த்து மணிக்கணக்கில் தேய்த்தார்கள். அது வேறு கலை.

நீங்களே முயன்றால்

கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உட்காராதீர்கள். கையுறை, தொடைக்குத் தடித்த தோல், மூடிய காலணி எல்லாம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஆபத்து வெட்டுக்காயம். தெரியாத ஆபத்து தூசு. கல்லின் சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற ஆறாத நோய் வரும். இங்கிலாந்தின் பிராண்டனில் பழைய துப்பாக்கிகளில் தீப்பொறி எழுப்பும் சிக்கிமுக்கிக் கல் செதுக்கிப் பிழைத்தவர்கள் பலரை அதுதான் கொண்டுபோனது. அறைக்குள் வேண்டாம். காற்றோட்டமான வெளியில் உட்காருங்கள். காற்று உங்களைத் தாண்டிப் போகும் திசையில் உட்கார்ந்து, தகுந்த முகக்கவசமும் அணியுங்கள். தொல்லியல் தலங்களில் கிடக்கும் கற்களைத் தொடவே கூடாது.

அப்புறம், கீழே சேரும் குப்பை. தொல்லியலாளர்கள் பழைய செதில்களை ஒன்றோடொன்று பொருத்தி, கருக்கல்லை மீண்டும் முழுதாக்கிப் பார்ப்பார்கள். பாக்ஸ்குரோவில் அப்படிப் பொருத்தியபோது நடுவில் கைக்கோடரி வடிவில் வெற்றிடம் மிஞ்சியது. செய்தவர் கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், குப்பை அதன் அச்சாகக் கிடந்தது. கல் மட்கவே மட்காது என்பதால் உங்கள் குவியலும் அப்படியேதான் கிடக்கும், நாளை தோண்டுகிறவரை ஏமாற்றவும் செய்யும். அதனால் செதில்களைக் கண்ட இடத்தில் கொட்டாமல் ஒரு குழியில் சேர்த்து, கூடவே அந்த வருடத்து நாணயம் ஒன்றையும் போட்டு மூடுகிற வழக்கம் இந்தக் கலையில் ஈடுபட்டவர்களிடம் உண்டு.